பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடுமுன்: எந்தப் பாகம் என்ன வேலை செய்கிறது?

அக்கா, உங்கள் கேள்வியை முதலில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது படித்தாலும் விளங்கும். 2018 கடைசியில் வாங்கிய மேசைக் கணினி ஒன்று சிங்கப்பூர் ஈசூனில் உள்ள உங்கள் வீட்டில் இருக்கிறது: இன்டெல் கோர் ஐ5-8400 பிராசஸர், 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். பொத்தானை அழுத்திவிட்டுக் காப்பி கலக்கிக்கொண்டு வந்தாலும் திரை இன்னும் தயாராகவில்லை. தம்பி ஏப்ரலில் பாலிடெக்னிக் போகிறான். கடையில் கேட்டால், "இதில் விண்டோஸ் 11 போகாது, புதிதாக வாங்கிவிடுங்கள்" என்று ஒரு விலைத்தாளைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதில் இருக்கும் பெயர்களில் பாதி புரியவில்லை. எந்தப் பாகம் என்ன செய்கிறது, எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்? இதுதானே?

முடிவை முதலிலேயே சொல்கிறேன். இந்த மேசைக் கணினிக்குப் பதிலாகப் புதிதாக ஒன்று வாங்க வேண்டாம். ஹார்ட் டிஸ்கின் இடத்தில் வேலை பார்க்கும் வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி ஒன்று, 8 ஜிபி ரேம் இன்னொன்று, அவ்வளவுதான். விண்டோஸ் 11 போகாது என்றது சரியில்லை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். நான் சொல்வதையும் அப்படியே நம்ப வேண்டாம். காரணம் புரிந்துவிட்டால் அடுத்த முறை யார் எந்தத் தாளைக் கொடுத்தாலும் நீங்களே படித்துக்கொள்வீர்கள்.

உள்ளீடு, வெளியீடு, நினைவகம், மையச் செயலகம் என்று பள்ளிப் பாடத்தில் கட்டம் போட்டுக் காட்டுவார்கள். தேர்வு எழுத அது போதும். கணினியை வாங்கவோ பழுது பார்க்கவோ போகும்போது கேட்க வேண்டியது வேறு: யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள்? கணினி மெதுவாக ஓடுகிறது என்றால் ஏதோ ஒரு பாகம் தன் வேலையை முடிக்காமல் மற்ற எல்லாவற்றையும் நிற்க வைத்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் வேறு எதை மாற்றினாலும் காசுதான் போகும்.

பிராசஸரிலிருந்து தொடங்குவோம், விலைத்தாளின் முதல் வரியும் அதுதான். அது செய்யும் வேலை கேட்க மிகச் சாதாரணமாக இருக்கும். நினைவகத்திலிருந்து ஒரு கட்டளையை எடுக்கும், அது என்ன என்று பார்க்கும், செய்யும், விடையை வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கும். இரண்டு எண்களைக் கூட்டு, இதையும் அதையும் ஒப்பிடு, பெரிதாக இருந்தால் அந்த இடத்துக்குத் தாவு. எல்லாம் இந்த ரகம்தான். கட்டளைகளையும் தரவுகளையும் ஒரே நினைவகத்தில் வைத்து ஒவ்வொன்றாக எடுத்துச் செய்வது என்ற ஏற்பாட்டை 1945இல் ஜான் வான் நாய்மன் ஓர் அறிக்கையில் எழுதி வைத்தார். உங்கள் வீட்டுப் பெட்டியும் அடிப்படையில் அந்த வழியில்தான் ஓடுகிறது.

மாறியது வேகம். 1981 ஆகஸ்டில் ஐபிஎம் வெளியிட்ட முதல் பிசியின் பிராசஸர் 4.77 மெகாஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 47 லட்சத்து 70 ஆயிரம் துடிப்பு. உங்களுடையது வினாடிக்கு 280 கோடி துடிப்பில் தொடங்கி, வேலை அதிகமானால் 400 கோடி வரை தானாக ஏறும். அதோடு உள்ளே ஆறு கோர்கள் இருக்கின்றன. ஆறும் தனித்தனியாக வேலை பார்க்கும். வேர்ட், எக்செல், ஜூம், யூடியூப், இணையத்தில் வீட்டுப்பாடம் என்று எல்லாவற்றையும் சேர்த்தாலும் இந்த பிராசஸர் பெரும்பாலான நேரம் சும்மாதான் இருக்கும். அதனால் கடையில் "பிராசஸர் பழசு" என்று சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். பழசுதான், ஆனால் உங்களைக் காக்க வைப்பது அது இல்லை.

வேறு எது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிராசஸரின் ஒரு துடிப்பு ஒரு வினாடியில் 300 கோடியில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். நம் மனத்துக்கு எட்டுவதற்காக அதை ஒரு முழு வினாடியாக நீட்டிவிடுங்கள், மற்ற எல்லாவற்றையும் அதே அளவுக்கு நீட்டுங்கள். பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கேஷ் என்ற சின்ன நினைவகத்தில் தேவையானது இருந்தால் சில வினாடியிலிருந்து அரை நிமிடம், முக்கால் நிமிடத்துக்குள் கைக்கு வந்துவிடும். அங்கே இல்லை, வேலை நடக்கும்போது பயன்படும் பெரிய நினைவகமான ரேமில் இருக்கிறது என்றால் ஐந்து நிமிடம். ரேமிலும் இல்லை, எஸ்எஸ்டியிலிருந்து வர வேண்டும் என்றால் திங்கள் காலையில் கேட்டது வியாழன் சாயங்காலம் வரும். ஹார்ட் டிஸ்கிலிருந்து என்றால்? இந்தத் தீபாவளிக்குக் கேட்டது அடுத்த தீபாவளியை ஒட்டித்தான் வரும்.

மிகைப்படுத்தவில்லை. ரேமிலிருந்து எடுக்க ஏறக்குறைய 100 நானோவினாடி, எஸ்எஸ்டியிலிருந்து 100 மைக்ரோவினாடி, ஹார்ட் டிஸ்கிலிருந்து 10 மில்லிவினாடி ஆகும். பெருக்கிப் பார்த்தால் இந்தக் கணக்குத்தான் வரும். உங்கள் கணினியில் விண்டோஸ் தொடங்கும்போது இப்படிச் சின்னச் சின்னதாக ஆயிரக்கணக்கான கோப்புகள் எடுக்கப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு தீபாவளி.

இதை நீங்களே இன்று வீட்டில் பார்க்கலாம். கணினியைத் தொடங்கியதும் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் என்ற பட்டியல் திறக்கும். சிபியு (பிராசஸர்), மெமரி (ரேம்), டிஸ்க் என்று தலைப்பு போட்டுக் கீழே விழுக்காடு ஓடும். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் சிபியு 10, 15 விழுக்காட்டில் நிற்கும். டிஸ்க் மட்டும் 100ஐத் தொட்டு, சிவந்துபோய், பல நிமிடம் அங்கேயே கிடக்கும். காக்க வைப்பவர் யார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஹார்ட் டிஸ்க் ஏன் அவ்வளவு மெதுவு? உள்ளே காந்தப்பூச்சு போட்ட வட்டத்தகடு சுழல்கிறது. வழக்கமான மேசைக்கணினி டிஸ்க் நிமிடத்துக்கு 7,200 சுற்று, அதாவது வினாடிக்கு 120. தகட்டின் மேல் ஒரு கை நீண்டிருக்கும். அதன் நுனியில் படிக்கும் தலை. கேட்ட தரவு எந்த வளையத்தில் இருக்கிறதோ அங்கே கை நகர வேண்டும். அப்புறம் சரியான இடம் சுழன்று தலைக்குக் கீழே வரும்வரை நிற்க வேண்டும். அரைச் சுற்றுக்கே 4 மில்லிவினாடி போய்விடுகிறது. இது உலோகம் நகரும் வேலை, எந்த மென்பொருளாலும் இதை வேகப்படுத்த முடியாது. ஒரு பெரிய சினிமாக் கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்கச் சொன்னால் வினாடிக்கு 150 எம்பி சுலபமாகக் கொடுக்கும். அதே டிஸ்கைச் சிதறிக் கிடக்கும் 4 கேபி துண்டுகளாக எடுக்கச் சொன்னால் வினாடிக்கு நூறு துண்டு, அதாவது அரை எம்பிகூடத் தேறாது. பெட்டியில் போட்டிருக்கும் வேகமும் வீட்டில் கிடைக்கும் வேகமும் ஒத்துப்போகாததற்குக் காரணம் இதுதான்.

அந்த டிஸ்கைக் குறைத்துப் பேசவும் மனம் வரவில்லை. சிங்கப்பூருக்கு அது சோறு போட்ட பொருள். ஹார்ட் டிஸ்க் நிறுவனமான சீகேட் 1982இல் இங்கே ஆலை தொடங்கியது, மற்றவர்களும் வந்தார்கள். 80களிலும் 90களிலும் உலகத்திலேயே ஹார்ட் டிஸ்க் அதிகமாகத் தயாரான இடங்களில் முதல் வரிசையில் சிங்கப்பூர் இருந்தது. தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு, தூசி நுழையாத அறையில் ஷிஃப்ட் பார்த்தவர்கள் நம் குடும்பங்களிலும் இருக்கிறார்கள், விசாரித்துப் பாருங்கள். அந்தத் தலைக்கும் தகட்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் ஒரு தூசிகூட நுழைய இடமில்லை. அதனால்தான் அந்தக் கெடுபிடி. அதனால்தான் வீட்டில் யாரும் ஹார்ட் டிஸ்கைத் திறந்து பார்க்கக் கூடாது என்கிறோம். உங்கள் டிஸ்க் "டிக், டிக்" என்று ஒரே சீராகச் சத்தம் போட ஆரம்பித்திருந்தால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் படங்களை வேறு இடத்தில் நகல் எடுங்கள். கை சரியான வளையத்தைப் பிடிக்க முடியாமல் மறுபடி மறுபடி முயலும்போது வரும் சத்தம் அது.

எஸ்எஸ்டியில் சுழல்வதற்கு எதுவும் இல்லை. மின்னேற்றத்தைச் சின்ன அறைகளுக்குள் அடைத்து வைக்கும் சில்லுகள்தான். மின்சாரத்தை அணைத்தாலும் தரவு அப்படியே இருக்கும். தொலைபேசியில் இருப்பதும் இதே குடும்பம். வாங்கும்போது ஒரு குழப்பம் வரும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சாட்டா, என்விஎம்இ இரண்டும் எஸ்எஸ்டி கணினியோடு பேசும் வழிகள். சாட்டா எஸ்எஸ்டி என்றால் வினாடிக்கு 550 எம்பி அளவு. என்விஎம்இ என்றால் 3,500 எம்பி, 7,000 எம்பி என்று போகும். எம்.2 என்பது வேகத்தின் பெயர் இல்லை, எல்லாப் பாகமும் மாட்டியிருக்கும் மதர்போர்டு என்ற பலகையில் செருகும் மெல்லிய குச்சி வடிவத்தின் பெயர். அந்த வடிவத்தில் சாட்டாவும் வரும், என்விஎம்இயும் வரும், உங்கள் மதர்போர்டு எதை ஏற்கிறது என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். 2018 பலகைகளில் விலை குறைந்த சிலவற்றில் எம்.2 துளையே இருக்காது. இல்லாவிட்டால் கவலை வேண்டாம், இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டியைப் பழைய டிஸ்கின் கம்பியிலேயே மாட்டலாம். ஹார்ட் டிஸ்கிலிருந்து சாட்டா எஸ்எஸ்டிக்கு மாறும்போதுதான் பெரிய வித்தியாசம் தெரியும். அதற்கு மேல் 550க்கும் 3,500க்கும் உள்ள வித்தியாசத்தை, வேர்ட் திறப்பவர் கண்ணைக் கட்டிக்கொண்டு சொல்ல முடியாது.

இப்போது ரேம். பிராசஸர் இந்த நிமிடம் வேலை பார்த்துக்கொண்டிருக்கும் எல்லாமும் இங்கேதான் இருக்க வேண்டும்: விண்டோஸின் ஒரு பகுதி, திறந்திருக்கும் கோப்பு, குரோமில் திறந்து வைத்த இருபது பக்கங்கள். ரேமின் ஒவ்வோர் அறையும் மிகச் சிறிய மின்தேக்கி. அதில் ஏற்றிய மின்சாரம் தானாகக் கசிந்துவிடும், அதனால் 64 மில்லிவினாடிக்குள் ஒருமுறை எல்லாவற்றையும் படித்து மறுபடி எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். மின்சாரம் போனால் ரேமில் இருந்ததும் போவது இதனால்தான். பாதி எழுதிய கட்டுரையைச் சேமிக்காமல் பிளக்கைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்று தம்பிக்குத் தெரிந்திருக்கும்.

8 ஜிபியில் விண்டோஸே 3, 4 ஜிபி எடுத்துக்கொள்கிறது. மீதி நிறைந்ததும் கணினி நின்றுவிடாது. உடனே தேவைப்படாததை டிஸ்கில் இறக்கி வைத்துவிட்டு இடம் செய்யும். இறக்கும் இடம் ஹார்ட் டிஸ்க்காக இருந்தால், மேலே சொன்ன தீபாவளிக் கணக்கு இங்கேயும் நுழைந்துவிடுகிறது. ஆக உங்கள் வீட்டில் நடப்பது இரண்டு கோளாறு இல்லை, ஒன்று இன்னொன்றை மோசமாக்குகிறது. அதனால்தான் இரண்டையும் சேர்த்து மாற்றச் சொல்கிறேன். ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் எஸ்எஸ்டியை முதலில் வாங்குங்கள். ரேமின் விலை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், கொஞ்சம் பொறுத்துக்கூட வாங்கலாம்.

உங்களுக்கு வேண்டியது டிடிஆர்4 என்ற தலைமுறை ரேம், மேசைக்கணினி ரகம். இப்போது கடைகளில் முன்னால் அடுக்கியிருப்பது டிடிஆர்5. அதன் அடியில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும், உங்கள் பலகையில் உட்காராது. மடிக்கணினி ரேம் பாதி நீளம்தான், அதுவும் ஆகாது. ஒரே அளவில் இரண்டு குச்சி இருந்தால் பிராசஸர் இரண்டிலிருந்தும் ஒரே நேரத்தில் எடுக்கும், ஆகவே 8உம் 8உம் நல்ல கணக்கு. மாட்டும்போது இரண்டு ஓரத்திலும் கட்டைவிரலை வைத்து நேராக அழுத்துங்கள். "டக்" என்று ஓரத்துக் கொக்கி தானாக மேலே வந்து பிடித்துக்கொள்ள வேண்டும். பலர் பயந்துபோய் மெதுவாக வைத்துவிட்டு விடுவார்கள். கணினி தொடங்காது, ரேம் கெட்டது என்று திருப்பிக் கொண்டுபோவார்கள். பாதிக்குப் பாதி, சரியாக உட்காராததுதான் காரணமாக இருக்கும்.

மதர்போர்டு இவை எல்லாவற்றையும் தாங்கி, ஒன்றோடு ஒன்று பேச வழி கொடுக்கும் பலகை. அதற்கென்று தனி வேகம் பெரிதாக இல்லை. ஆனால் எது மாட்டலாம், எது மாட்ட முடியாது என்று தீர்மானிப்பது அதுதான். அதில் ஒரு சில்லுக்குள் யுஇஎஃப்ஐ என்ற சிறு நிரல் நிரந்தரமாக இருக்கிறது. பழக்கத்தில் இன்னும் பயாஸ் என்றே சொல்கிறோம். பொத்தானை அழுத்தியதும் முதலில் எழுவது இது. ரேம் இருக்கிறதா, விசைப்பலகை இருக்கிறதா என்று ஒரு சுற்றுச் சரிபார்த்து, எந்த டிஸ்கில் விண்டோஸ் இருக்கிறதோ அதைத் தேடிப் பிடித்துப் பொறுப்பைக் கைமாற்றிவிடும்.

பலகையில் ஒரு வெள்ளிக் காசு மாதிரி பேட்டரி இருக்கும், சிஆர்2032 என்று எழுதியிருக்கும், 3 வோல்ட். கணினி அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டுவது அது. ஏழெட்டு வருடக் கணினி என்பதால் சொல்கிறேன்: தேதி திடீரென்று பல வருடம் பின்னால் போய், வங்கி இணையப்பக்கம் "பாதுகாப்பில்லை" என்று எச்சரித்தால் வைரஸ் என்று பதற வேண்டாம். இணையப்பக்கங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குக் காலக்கெடு உண்டு, தேதி தப்பாக இருந்தால் எல்லாமே செல்லாததாகத் தெரியும். அக்கம்பக்கத்துக் கடையில் பேட்டரி வாங்கிப் போட்டால் சரி.

விண்டோஸ் 11 கதையும் இந்தப் பலகையில்தான் இருக்கிறது. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, ஆகவே 11க்கு மாறச் சொன்னது நியாயமான பேச்சு. 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், பிராசஸர் அவர்கள் பட்டியலில் இருக்க வேண்டும். இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்து பட்டியல் தொடங்குகிறது. உங்கள் 8400 எட்டாம் தலைமுறைதான், உள்ளே வந்துவிடுகிறது. டிபிஎம்முக்கென்று தனிச் சில்லு வாங்க வேண்டியதில்லை. இன்டெல் அதை பிடிடி (PTT) என்ற பெயரில் உள்ளேயே வைத்திருக்கிறது. அந்தக் காலத்துப் பலகைகள் பலவற்றில் அதை அணைத்து வைத்தே விற்றார்கள். கடையில் சோதனை நிரலை ஓட்டியிருப்பார்கள், "தகுதியில்லை" என்று வந்திருக்கும், அதோடு விட்டிருப்பார்கள். கணினி தொடங்கும்போது டெலீட் அல்லது எஃப்2 விசையை விடாமல் தட்டி பயாஸுக்குள் போய், பாதுகாப்புப் பிரிவில் பிடிடி என்று இருப்பதை இயக்கிவிட்டு, செக்யூர் பூட் (Secure Boot) என்ற பாதுகாப்பு வசதியும் இயங்குகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். பழைய விண்டோஸை நகலெடுக்காமல் புதிய எஸ்எஸ்டியில் 11ஐப் புதிதாகவே போடுங்கள். வாங்கியபோது இருந்த உரிமம் பலகையோடு சேர்ந்தது; டிஸ்க் மாறினாலும் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

பவர் சப்ளை பற்றி யாரும் கேட்பதில்லை, எனக்கு அதுதான் ஆச்சரியம். சுவரில் வரும் 230 வோல்ட் மாற்று மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர் மின்சாரமாக மாற்றி எல்லாப் பாகத்துக்கும் கொடுப்பது இது. இது கெட்டால் தான் மட்டும் சாகாமல் பக்கத்தில் இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகலாம். புதுக் கணினி விலைத்தாள்களில் காசு மிச்சம் பிடிக்கப் பெயர் தெரியாத ஒன்றை நுழைப்பது பெரும்பாலும் இந்த வரியில்தான். உங்கள் கணினியில் தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை, சாதாரண வேலையில் 100 வாட்டைத் தொடுவதே அரிது. ஆகவே இருப்பது சத்தமில்லாமல் ஓடும்வரை ஓடட்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும். அந்தப் பெட்டிக்குள் மட்டும் யாரும் திருப்புளியை விட வேண்டாம்.

வெப்பம் நம் ஊருக்கே உரிய தலைவலி. மதியம் ஏர்கோன் இல்லாத அறையில் 31, 32 டிகிரி இருக்கும், விசிறி உள்ளே இழுப்பதும் அதே 32 டிகிரிக் காற்றைத்தான். பிராசஸர் 100 டிகிரியை நெருங்கினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஏழு வருடமாகத் திறக்காத பெட்டி என்றால், விசிறிக்குக் கீழே இருக்கும் அலுமினிய இதழ்களின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு பாய் விரித்த மாதிரி தூசி படிந்திருக்கும். ஈரப்பதம் சேர்ந்து அதை இறுக்கிவிடும். சாமி மேடைக்குப் பக்கத்தில் கணினி இருந்தால் சாம்பிராணிப் பிசுக்கும் சேரும். பிளக்கை எடுத்துவிட்டு, விசிறி சுழலாமல் ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, காற்று டப்பாவால் ஊதுங்கள். வாசலில் வைத்து ஊதுவதென்றால் பக்கத்து வீட்டார் துணி காயப்போடவில்லையே என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

விலைத்தாளில் கண்ணைப் பறிக்கும் எண் கிராஃபிக்ஸ் கார்டுக்கு எதிரில் இருக்கும். சாதாரண முழு எச்டி திரையில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் இருக்கின்றன. வினாடிக்கு 60 முறை அவற்றுக்கு நிறம் சொல்லியாக வேண்டும். ஒரே மாதிரிச் சின்னக் கணக்கை ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் போடும் சில்லு இதற்கு வசதி, அதுதான் ஜிபியு. உங்கள் பிராசஸருக்குள்ளேயே யுஎச்டி 630 என்று ஒன்று இருக்கிறது, படம் பார்க்க, படிக்க அது தாராளம். தம்பி எடுக்கும் படிப்பு விளையாட்டு வடிவமைப்பு, அனிமேஷன், இயந்திரக் கற்றல் என்று போனால் மட்டும் தனி கார்டு பற்றிப் பேசலாம். அப்படி என்றைக்காவது வாங்கி மாட்டினால் மானிட்டர் கம்பியை அந்தக் கார்டில் செருகுங்கள். மேலே மதர்போர்டில் இருக்கும் எச்டிஎம்ஐ துளையிலேயே விட்டுவிட்டு, "கார்டு வாங்கியும் விளையாட்டு திக்குகிறது" என்று வருபவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

ஒலிக்கு இப்போது தனிப் பாகம் வேண்டாம், பலகையிலேயே வந்துவிடுகிறது. ஒரு காலத்தில் பிசி என்றால் "பீப்" என்று மட்டும் கத்தும். 1981இல் இங்கே கிரியேட்டிவ் நிறுவனத்தைத் தொடங்கிய சிம் வோங் ஹூவின் குழு 1989இல் கொண்டுவந்த சவுண்ட் பிளாஸ்டர் கார்டுதான் உலகம் முழுக்க வீட்டுக் கணினிகளுக்குக் குரல் கொடுத்தது. 2023இல் அவர் காலமானபோது இங்கே பலர் தங்கள் பழைய கார்டின் படத்தைத் தேடி எடுத்திருப்பார்கள். பின்பக்கத்தில் பச்சைத் துளை ஒலிபெருக்கிக்கு, இளஞ்சிவப்பு மைக்குக்கு.

விசைப்பலகையும் எலியும் எது வேண்டுமானாலும் வாங்கலாம். தமிழில் தட்டச்ச வேறு விசைப்பலகை வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள், வேண்டாம். விசையை அழுத்தினால் "இத்தனையாவது விசை" என்று ஓர் எண் மட்டுமே கணினிக்குப் போகிறது. அது தமிழ் 'க'வா ஆங்கில 'கே'யா என்று முடிவு செய்வது மென்பொருள். சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி 90களில் இங்கே உட்கார்ந்து 'கணியன்' மென்பொருளை உருவாக்கித் தமிழை இணையத்தில் ஏற்றியதும் இந்த அடிப்படையில்தான். இப்போது விண்டோஸில் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் முடிந்தது.

இணையம் மெதுவாக இருக்கிறது என்பதைக் கணினி மெதுவாக இருக்கிறது என்பதோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். உங்கள் பலகையில் இணையக் கம்பி செருகும் லேன் துளை அநேகமாக 1 ஜிபிபிஎஸ், அதாவது வினாடிக்கு 125 எம்பி. வீட்டுக்கு 10 ஜிபிபிஎஸ் திட்டம் போட்டாலும் இந்தக் கணினிக்கு அதற்கு மேல் வராது. ரவுட்டரை பாம் ஷெல்டருக்குள் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தால் அதை முதலில் வெளியே எடுங்கள். குண்டைத் தடுக்கக் கட்டிய சுவர் வைஃபையையும் தடுக்கத்தான் செய்யும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாலிடெக்னிக்கில் வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போக மடிக்கணினி இல்லாமல் காலம் தள்ள முடியாது. ஆக மேசைக் கணினிக்காக ஒதுக்கிய பணத்தில் பெரும்பகுதியை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். படிப்புத் துறை எந்த அளவு கேட்கிறது என்று சேர்க்கைக் கடிதம் வந்ததும் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது, இப்போதே சலுகை விற்பனைக்கு ஓட வேண்டாம். மடிக்கணினிகள் பலவற்றில் ரேமைப் பலகையோடு பற்றவைத்துவிடுகிறார்கள். பின்னால் கூட்டலாம் என்று 8 ஜிபியில் வாங்கி மாட்டிக்கொள்ளாமல் 16 ஆகவே எடுத்துவிடுங்கள்.

கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேர் போவதென்றால் மேல்மாடிகளில் இரண்டு மூன்று கடையில் எறும்பு எழுத்தில் அடித்த விலைத்தாளை வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள். 1 டிபி சாட்டா எஸ்எஸ்டி, டிடிஆர்4 2666 மேசைக்கணினி ரேம் 8 ஜிபி என்று இரண்டே வரியை எழுதிக்கொண்டு போய் அதை மட்டும் கேளுங்கள். பழைய ஹார்ட் டிஸ்கைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். அதில் உங்கள் அடையாள அட்டை நகல், குடும்பப் படம், எல்லாம் இருக்கும். யுஎஸ்பி கூடு ஒன்றில் போட்டால் நகல் வைத்துக்கொள்ள உதவும், அந்த வேலைக்கு அதன் வேகம் போதும்.

வாங்கப் போகுமுன் தம்பியிடம் சொல்லிப் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, மதர்போர்டின் நடுவில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் பெயரையும் எண்ணையும் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். எம்.2 துளை இருக்கிறதா, ரேமுக்கு இன்னோர் இடம் காலியாக இருக்கிறதா, பிடிடி எந்தப் பக்கத்தில் ஒளிந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.